பேராக் மனிதரும் ஆதாமும்

நான்காம் ஆண்டு மாணவருக்குத் தொல்பழங்கால வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பிற்குச் செல்லும் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, பேராக் மனிதர் மூத்தவரா, ஆதாம் மூத்தவரா?” என்று வினவினான். வகுப்பு சிரித்தது. “அது சமயம், இது வரலாறு, தேர்வுக்கு வேண்டியதைப் படி” என்று அவனை அமர்த்திவிட்டேன். நானும் அதே வேதத்தை ஓதி வளர்ந்தவன். அவ்வினா என் உள்ளத்திலும் நெடுநாளாய் இருந்தது. அதனாலேயே அத்துணை விரைவாக அவன் வாயை அடைத்தேன் போலும்!

லெங்கோங் பள்ளத்தாக்கிலுள்ள குனோங் ருந்து குகையில், 1990களின் தொடக்கத்தில், பேராசிரியர் சுராய்னா மஜித் தலைமையில் நடந்த அகழாய்வில் கிடைத்தது அவ்வெலும்புக்கூடு. அதன் வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் என்பர். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷரோ, உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல் என்று 1650ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டார். அக்கணக்கின்படி பேராக் மனிதர் நிற்க உலகமே இல்லை! ஆனால், ஆதியாகமம் படைப்பின் ஆண்டை எங்கும் கூறவில்லை. வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்தது மனிதர் போட்ட கணக்கு. இயற்கையைப் பற்றி அறியாததையெல்லாம் வேதத்தின் பெயரால் கிறித்தவர் பேசினால், கேட்போர் வேதத்தையே எள்ளுவர் என்று கி.பி. 430இல் மறைந்த அகுஸ்தீனார் முன்னரே எச்சரித்திருக்கிறார்.

அறிவியலுக்கு எல்லை உண்டு என்று நம்மவர் அடிக்கடி கூறுவர். கரிமக் காலக்கணிப்பு ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் செல்லாது என்பது போன்றவற்றைச் சுட்டி, அந்த இடுக்குகளில் இறைவனைக் குடிவைப்பர். நாளை வேறொரு கருவி வந்தால் இறைவன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதானா? நான் கருதும் எல்லை அதுவன்று.

அம்மனிதரின் இடக்கையைப் பாருங்கள். பிறவியிலேயே குறைபட்ட விரலெலும்புகள். அக்கையோடு அவர் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்திருக்கிறார். இறந்தபின், கருவிலுள்ள குழந்தைபோல் கைகால்களை மடக்கி, கற்கருவிகளும் உணவும் நத்தை ஓடுகளும் உடன் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் நமக்குச் சொன்னது அறிவியலே. நான் அதற்கு நன்றியுடையவன். நலிந்தவரைப் பேணுவது கூட்டத்தின் பிழைப்புக்கு உதவியது என்றும் அது விளக்கலாம். அவ்விளக்கம் மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், பயன் இல்லாவிடினும் அவரைப் பேண வேண்டுமா என்று கேட்டால், அளவுகோலும் நுண்ணோக்கியும் வாய் திறவா. மனிதர் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவர் என்பது ஆதியாகமத்தின் கூற்று. அது எலும்பின் வயதைப் பற்றியதன்று. அந்தக் கையை உடையவரின் மதிப்பைப் பற்றியது. இச்சொல்லை ஏற்காத என் சக ஆசிரியர்களும் அம்மதிப்பை மறுப்பதில்லை. அச்சாயல் எந்தத் தலைமுறையில் தொடங்கிற்று என்பதற்கு வேதமும் விடை தரவில்லை, மண்ணும் தரவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுவாரம் அச்சிறுவனை அழைத்து, அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். தன் விரல்களை மடக்கியும் நீட்டியும் பார்த்தவாறே கேட்டிருந்தான். பிறகு, “யார் மூத்தவர் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே, ஐயா” என்றான்.