பாடிய நாவும் இரந்த நாவும்

ஜோர்ஜிய அரசவைக் கவிஞன் பெசிக்கி (1750–1791) பாடிய போர்களுள் அஸ்பின்ட்சாப் போர் ஒன்று. 1770இல் உடன்வந்த ருஷ்யத் தளபதி டொட்லெபென் இடைவழியிற் படையுடன் திரும்பிவிட, மன்னன் இரண்டாம் எரெக்லே தனித்து நின்று துருக்கியரை வென்ற போர் அது. பின்னர் அம்மன்னனாலேயே நாடு கடத்தப்பட்ட பெசிக்கி, மேற்கு ஜோர்ஜியாவின் இமெரெத்தி அரசவையைச் சேர்ந்தான். 1787இல் அதன் தூதனாக ருஷ்யாவின் பாதுகாப்பை வேண்டிச் சென்றான்.

கைவிட்டவரிடமே கையேந்தியமை தன் கவிதைக்கு இழைத்த துரோகமாகுமா? அவ்வாறு கூறுதல் எளிது. ஆயின் கவிஞன் தன் சொல்லுக்குப் பொறுப்பாளி. தூதனோ பிறர் உயிருக்கும் பொறுப்பாளி. துருக்கியப் பேரரசின் வாயிலில் நின்ற சிறுநாட்டுக்கு நம்பத்தகுந்த வேறு துணை எங்கிருந்தது? நம்பிக்கையின்றியும் இரப்பது சிலவேளை கடமையே. பொற்றெம்கினைச் சார்ந்து காத்திருந்த பெசிக்கி, கேட்டது கிட்டாமலே யாசி நகரில் இறந்தான். 1810இல் ருஷ்யா இமெரெத்தியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.