தடைக்கல்லும் கட்டளையும்

உலகைப் படைத்தல் இறைவனுக்கே உரிய செயல் என்று நம்புகிறவர்கள் நாம். ஆயினும் இன்று பல நாடுகளில் பள்ளி ஆசிரியர்கள், மறுநாள் பாடத்திற்காக முந்திய இரவே கணிப்பொறியின் முன் அமர்ந்து, மலையும் ஆறும் வயலும் கொண்ட ஓர் உலகைத் தம் மாணவருக்கென ஆக்கி வைக்கிறார்கள். விளையாட்டுதானே என்று இதனை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. பிறருக்காக ஓர் உலகை ஆக்குபவர், அதனுள் நுழைவோருக்கு எவ்வளவு சுதந்திரம் அளிக்கக் கடமைப்பட்டவர் என்னும் பழைய கேள்வி இங்கே புதிய உருவில் எழுகின்றது.

மைன்கிராஃப்ட் என்னும் இவ்விளையாட்டு 2009-இல் சுவீடன் நாட்டில் தோன்றியது. மண், கல், மரம் யாவும் அதில் கனசதுரக் கட்டிகளாகவே உள்ளன. ஒரு கட்டியின் பக்கம் ஒரு மீட்டர் என்பது கணக்கு. ஆடுவோர் அவற்றைப் பெயர்த்தெடுத்து, வேண்டியவாறு அடுக்கி, வீடும் கோபுரமும் எழுப்பலாம். நியூயார்க் ஆசிரியர் ஒருவரும் பின்லாந்து நாட்டவர் இருவரும் சேர்ந்து 2011-இல் இதனைப் பள்ளிகளுக்கு ஏற்றவாறு அமைத்துத் தந்தனர். விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தை 2014-இல் 250 கோடி டாலருக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2016-இல் கல்விக்கெனத் தனிப் பதிப்பொன்றை வெளியிட்டது.

அப்பதிப்பில் ஆசிரியரின் கைக்கு மட்டுமே உரிய சில கட்டிகள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தடைக்கல் எனலாம். அது பதிக்கப்பட்ட இடத்தின் மேல் மாணவர் எதையும் கட்டவும் இயலாது, இடிக்கவும் இயலாது. மற்றொன்று எல்லைக்கல். அதனை மாணவர் கடந்து செல்ல முடியாது. இவ்விரண்டையும் எங்கே பதிப்பது, எங்கே பதிக்காது விடுவது என்று ஆசிரியர் தீர்மானிக்கும் அந்த நேரத்திலேதான் அவருடைய அறநெறி சோதிக்கப்படுகிறது என்பது நம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பண்டைய எகிப்தியரின் பாசனத்தைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் நைல் நதிக்கரையை அமைக்கிறார் என்று கொள்வோம். இவ்விளையாட்டில் சமதரையில் ஊற்றுநீர் ஏழு கட்டித் தொலைவே பரவும்; நீருக்கு நான்கு கட்டிகளுக்குள் உள்ள உழுநிலமே ஈரம் பெறும். வாய்க்காலைத் தவறாக வெட்டினால், பெருகிவரும் நீர் பயிரை அடித்துச் சென்றுவிடும். இதற்கு அஞ்சிய ஆசிரியர், தாமே வாய்க்காலை அழகுற வெட்டி, வயலெங்கும் தடைக்கல் பதித்துவிட்டால் என்ன நேரும்? மாணவர் கரையோரம் நடந்து, அறிவிப்புப் பலகைகளைப் படித்து, மறுமுனையை அடைவர். பயிர் பிழைக்கும், பாடமோ பிழைக்காது. தன் கையால் வெட்டிய வாய்க்காலில் நீர் வராததைக் கண்டு, ஏன் என்று திகைத்த பிள்ளைக்கே பாசனம் என்னவென்று விளங்கும்.

அப்படியானால் தடையே வேண்டாம் எனலாமா? 2014 ஏப்ரலில் டென்மார்க் அரசின் நிலஅளவை நிறுவனம், தன் நாடு முழுவதையும் உள்ளது உள்ளவாறே, அதே அளவில், இவ்விளையாட்டினுள் அமைத்து வெளியிட்டது. கட்டிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி. பள்ளிப் பிள்ளைகள் நிலவியலை அறியவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. வெடிமருந்தைப் பயன்படுத்த இயலாதபடி அமைத்திருந்தார்கள். எனினும் வெடிமருந்து ஏற்றிய தள்ளுவண்டியை மறந்துவிட்டார்கள். சில வாரங்களுக்குள் சிலர் அதனைக் கொண்டு கட்டடங்களைத் தகர்த்தனர். அந்நிறுவனமோ, கட்டுவதும் இடிப்பதும் இவ்விளையாட்டின் இயல்பே எனக் கொண்டு, தன் உலகை மூடாமல் விட்டது.

நாட்டைப் பற்றிய செய்தியாகக் கேட்கும்போது இதனைச் சிரித்து விட்டுவிடலாம். ஒரு வகுப்பறையில், ஐந்து நாள் பாடுபட்டு ஒரு சிறுமி கட்டிய வீட்டை வேறொரு மாணவன் ஒரு நொடியில் தகர்த்துவிட்டால் அவ்வாறு விட முடியுமா? வீடு பொய்யாயினும் அவள் கண்ணீர் மெய்யன்றோ? வலியவனின் சுதந்திரத்திற்கு எல்லை இல்லையெனில், எளியவளின் சுதந்திரம் வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

இந்த இக்கட்டில் தொடக்க நூல் நமக்குத் துணை செய்கிறது. ஏதேன் தோட்டத்தின் நடுவே நின்ற மரத்தைச் சுற்றி இறைவன் மதில் எழுப்பவில்லை. அவர் தந்தது ஒரு கட்டளை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. மதில் மனிதனையும் மாட்டையும் ஒன்றுபோலவே தடுக்கும். கட்டளையோ கேட்கவும், எண்ணவும், மீறவும் வல்ல ஒருவனிடமே சொல்லத்தக்கது. கீழ்ப்படியாதிருக்க இயலாதவனின் கீழ்ப்படிதலில் அன்புக்கு இடமேது? எனவே கருத்துள்ள ஆசிரியர், சிறியோரைக் காக்க இன்றியமையாத இடத்தில் மட்டும் தடைக்கல்லைப் பதிப்பார். ஏனைய இடங்களில் தம் சொல்லை வைப்பார். 'இவ்வீடு உன் தோழியுடையது. அவளைக் கேளாமல் தொடாதே' என்னும் சொல், எந்தக் கல்லையும்விட எளிதில் மீறத்தக்கது. மாணவனை மனிதனாக மதிப்பதும் அச்சொல்லே.

ஆனால் சொல்லைத் தந்துவிட்டு அகன்றுவிடுவது போதாது. 1877-இல் தம் கல்வி முறையை விளக்கி எழுதிய புனித தொன் போஸ்கோ அதற்குத் தடுப்பு முறை என்றே பெயரிட்டார். அங்கே தவறைத் தடுக்க வேண்டியது சுவர் அன்று; ஆட்டக் களத்திலும் தந்தையைப்போல் பிள்ளைகள் நடுவே இருக்கும் ஆசிரியரின் அன்பே. கட்டிகளால் ஆன உலகிற்கும் இது பொருந்தும். அதனுள் ஆசிரியரும் மாணவரின் அளவுடைய ஓர் உருவமாகவே நுழைந்து அவர்களுடன் நடக்கலாம். உலகை ஆக்கியவரே அதனுள் எளியவராக வந்து தங்கினார் என்று அறிக்கையிடும் நமக்கு, இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

இன்னும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. வீடு தகர்க்கப்பட்ட பின், ஆசிரியர் முந்திய நாள் எடுத்து வைத்த படியைத் திறந்தால் போதும். வீடு பழையபடி நிற்கும். எளிய வழிதான். ஆயினும் அது தவறை நடவாததாக்கி விடுகிறது. இடித்தவன் மன்னிப்புக் கேட்கவும், இழந்தவள் மன்னிக்கவும் இடமில்லாமற் போகிறது. இறைவன் நம் வரலாற்றை அவ்வாறு அழித்து எழுதவில்லை. உயிர்த்த ஆண்டவரின் கைகளில் ஆணியின் தழும்புகள் எஞ்சியிருந்தன. ஆகவே அச்சிறுமி இசைவாளானால், அந்த மாணவனையும் அவளையும் அருகருகே இருத்தி, கட்டி கட்டியாக வீட்டை மீண்டும் எழுப்பச் செய்வதே சிறந்த பாடம். ஒரு பாடவேளை வீணாகலாம், வீணாகட்டும்.

ஆசிரியர் மட்டுமோ இவ்வாறு உலகம் அமைப்பவர்? நம் இல்லங்களில் நாமும் பிள்ளைகளைச் சுற்றி நாள்தோறும் கற்களைப் பதித்து வருகிறோம். அவற்றுள் எவை அவர்களைக் காப்பவை, எவை நம் அச்சத்தைக் காப்பவை என்று இன்றிரவு செபத்திற்குமுன் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். ஒரு கல்லையேனும் பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் ஒரு சொல்லை வைத்து, அருகிலேயே நாமும் நிற்போமாக.