கொடைமடம் போதுமா?

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மழைக்காலத்தில் கண்ட மயிலொன்று குளிரால் நடுங்குகிறதெனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பர். மயிலுக்குப் போர்வை உடுத்தத் தெரியாது. அதற்கு அது வேண்டியதுமன்று. எனினும், பயன் நோக்காத அந்த ஈகையைக் 'கொடைமடம்' என்று பெயரிட்டுச் சான்றோர் பாராட்டினர். மடம் என்னும் சொல் அறியாமையைக் குறிக்கும். ஈகையின்கண் அறியாமையும் அழகே என்பது அக்காலத்து மதிப்பீடு. அம்மதிப்பீடு இன்றும் செல்லுமா என்பதே நமது வினா.

இவ்வினா கூர்மையாக எழும் இடமொன்று நமக்குத் தொலைவில் உளது. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே, மணற்கல் மலைகளைத் திடீர் வெள்ளங்கள் காலங்காலமாக அறுத்து, ஆழமும் ஒடுக்கமுமான மலையிடுக்குகளை உண்டாக்கியுள்ளன. கயிறு கட்டி அவற்றினூடே இறங்கிச் செல்வது அங்கு ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. செங்குத்துப் பாறையொன்றில் இறங்கியதும் கயிற்றை உருவிக்கொள்வர், அதன்பின் திரும்பி ஏறுதல் அரிது, முன்செல்வதே வழி. 2015 செப்டெம்பர் 14 ஆம் திகதி சயன் தேசியப் பூங்காவின் இடுக்கொன்றில் இறங்கிய 7 பேர் திடீர் வெள்ளத்தில் மாண்டனர். அகப்பட்டுக்கொள்ளுதல் அங்கே மனிதனுக்கும் விலங்குக்கும் பொதுவான ஆபத்தாகும்.

இவ்விடுக்குகளின் தரையில் வெள்ளம் குடைந்த பாறைக்குழிகள் உள. நீர் நிறைந்திருக்கையில் நீந்திக் கரையேறலாம். நீர் வற்றினாலோ வழுவழுப்பான சுவரில் காலூன்ற இடமிராது. நீர் நாடி வந்த விலங்கும், வெள்ளம் அடித்துவந்த எலியும் பாம்பும் அதற்குள் கிடந்து மெலியும். அவ்வேளை மேலிருந்து ஒரு மனிதன் இறங்குகிறான். அவனிடம் கயிறு உண்டு; பை உண்டு; இரு கைகள் உண்டு. அவன் செய்யத்தக்கது யாது?

'தூக்கிவிடு' என்கிறது நெஞ்சம். அக்குரலைக் கேளாதவனோடு அறம் பேசிப் பயனில்லை. ஆனால் அக்குரல் மட்டும் போதுமானதா? யூட்டாவின் தென்மேற்கில் வாழும் பாலைநில ஆமை தன் சலப்பையிலே நீரைச் சேமித்து வறட்சியைக் கடக்கிறது. யாரேனும் அதனைத் தூக்கினால், அச்சத்தால் அந்நீரை வெளியேற்றிவிடக் கூடும்; பின்னர் நீரின்றி மாளவும் கூடும். ஒரு சுனையிலிருந்து தவளையை எடுத்து வேறொரு சுனையில் விடுபவர், உலகின் பல பாகங்களில் தவளையினங்களை அழித்துவரும் தோற்பூஞ்சண நோயையும் உடன் கொண்டுசெல்லக் கூடும். 2016 மே மாதம் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவிலே, காட்டெருமைக் கன்றொன்று குளிரில் வாடுகிறதெனக் கருதிய பார்வையாளர், அதனைத் தம் வாகனத்தில் ஏற்றி அலுவலரிடம் கொண்டுசென்றனர். மந்தையோடு அதனைச் சேர்க்க அலுவலர் முயன்றும் மந்தை ஏற்கவில்லை. ஈற்றில் அக்கன்று அலுவலர் கையாலேயே கொல்லப்பட்டது. பேகனின் மயிலுக்குப் போர்வையால் கேடு நேர்ந்ததாகக் கதை இல்லை. இக்கன்றுக்கோ இரக்கமே எமனாயிற்று.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் காட்டி, 'இயற்கையை அதன் போக்கில் விடுக' என்பாரும் உளர். 1983 பெப்ரவரியில் அதே பூங்காவிலே, ஆற்றின் மேற்படிந்த பனிக்கட்டி உடைந்து காட்டெருமையொன்று நீரில் வீழ்ந்தது. அவ்வழியே வந்த சிலர் கயிறிட்டு இழுத்தும் கரையேற்ற இயலவில்லை. இரவுக் குளிரில் அது இறந்தது. அதன் உடல் வேறு விலங்குகளுக்கு உணவாயிற்று. இயற்கையின் செயலில் தலையிடலாகாது என்பதே பூங்கா நிர்வாகத்தின் கொள்கை. ஆயினும் மறு ஆண்டிலே, ஏரித் தீவொன்றில் அகப்பட்டுப் பட்டினி கிடந்த தாய்க் கரடியையும் அதன் 3 குட்டிகளையும் அதே நிர்வாகம் மீட்டுக் கரை சேர்த்தது. மெய்யியலாளர் ஹோம்ஸ் றோல்ஸ்ரன் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து விவாதித்துள்ளார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது முரண்பாடு. ஆனால் அக்கரடியினத்தை வேட்டையாடியும் அதன் நிலத்தைப் பறித்தும் அருகச் செய்தவன் மனிதன் என்பதை எண்ணிப் பார்த்தால் முரண்பாடு தெளியும்.

ஆகவே, குழியைத் தோண்டியவர் யார் என்பதே நாம் முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி. வெள்ளம் குடைந்த குழியிலே கிடக்கும் உயிருக்கு நாம் செய்யும் உதவி அருளின்பாற்பட்டது. அதனை அறிவோடு செய்தல் வேண்டும். மரக்கிளையொன்றைச் சாய்த்து வைத்து, அது தானே ஏறிச்செல்ல விடலாம். இயலாதவிடத்து இடத்தைக் குறித்துக்கொண்டு அலுவலருக்கு அறிவிக்கலாம். சிலவேளை தொடாது விலகுதலே உதவியாகும். மனிதன் தோண்டிய குழியிலே வீழ்ந்த உயிருக்கோ நாம் கடன்பட்டவர்கள். கடனைத் தீர்ப்பவன் தன்னை வள்ளல் என்று சொல்லிக்கொள்ளலாகாது.

இவ்வேறுபாடு நம் நாட்டுக்கு மிக வேண்டியது. இலங்கையின் உலர்வலயக் கிராமங்களிலே, கட்டில்லாத தோட்டக்கிணறுகளில் யானைகள் வீழ்வதுண்டு. ஊரார் திரண்டு, இயந்திரத்தால் கிணற்றின் கரையைச் சரித்து, அவற்றை வெளியேற்றுகின்றனர். மறுநாட் பத்திரிகையில் படம் வருகிறது. நாமும் நெஞ்சு நெகிழ்கிறோம். ஆனால் யானையின் வழித்தடம் எவ்வாறு அடைபட்டது, கிணற்றுக்குக் கட்டுக் கட்ட அவ்வேழை விவசாயிக்கு ஏன் இயலவில்லை என்று கேட்பாரில்லை. 2023 இல் மட்டும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். யானையும் விவசாயியும் ஒரே குழியில் வீழ்ந்துள்ளனர் என்பதே இதன் பொருள்.

'மனிதன் பட்டினி கிடக்கையில் மிருகத்துக்கு இரங்குவதா?' என முற்போக்காளர் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் இரக்கம் அளந்து பங்கிடும் கூப்பன் அரிசியன்று. 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் ஏறத்தாழ 120 பைலற் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கொரோனா ஊரடங்கையும் பொருட்படுத்தாது ஊர்மக்கள் கடலில் இறங்கினர். கடற்படையினரோடு சேர்ந்து இரவிரவாக அவற்றை ஆழ்கடலுக்குத் தள்ளினர். சில இறந்தன, பெரும்பாலானவை பிழைத்தன. தம் வாழ்வில் இன்னலறிந்த எளிய மக்களே பிற உயிரின் இன்னலையும் விரைந்து உணர்கின்றனர். விலங்குக்கு இரங்கும் நெஞ்சம் மனிதனுக்கு இரங்க மறுக்குமாயின், பழிக்கத்தக்கது அம்மறுப்பேயன்றி அவ்விரக்கம் அன்று.

அமெரிக்காவின் மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களிலே, கால்நடைகளின் நீர்த்தொட்டிகளில் வீழும் பறவைகளும் சிற்றுயிர்களும் பற்றியேறச் சிறு சாய்தளங்களைப் பொருத்துகின்றனர். இதில் வீரமில்லை, புகழுமில்லை. ஆயினும் கயிற்றோடு இறங்கும் ஒருவன் தன் வாழ்நாளில் மீட்கக்கூடியவற்றினும் மிகுதியான உயிர்களை அது மீட்கிறது. கொடைமடம் மன்னனின் பண்பு. அதற்கு ஒரு வள்ளலும் ஓர் இரவலனும் போதும். நமக்கு வேண்டியது சமுதாயத்தின் பண்பு: வீழ்ந்தபின் தூக்கும் இரக்கத்தோடு, வீழாது காக்கும் அறிவும், அதனை நடைமுறையாக்கும் கூட்டு முயற்சியும். மயிலுக்குப் போர்வை ஈந்தவனைப் பாடிய தமிழ், கிணற்றுக்குக் கட்டுக் கட்டும் ஊரையும் பாடக் கடமைப்பட்டுள்ளது.