அழிந்தாரை நிறுத்தல்



மனக்கலக்கம் நம் முன்னோர் அறியாத நோய் அன்று. உமாஸ்வாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் அதற்கு ஆர்த்த தியானம் எனப் பெயரிட்டு, நான்காக வகுக்கின்றது. விரும்பாதது வந்து சேர்ந்ததை எண்ணி நைதல். விரும்பியது பிரிந்தமைக்கு ஏங்குதல். நோயின் வேதனையிலேயே உள்ளம் உழலுதல். வருங்கால இன்பத்தை அவாவித் தவித்தல். மேலதிகாரியின் கடுமைக்கு ஆளான ஊழியர், கணவரை இழந்த மூதாட்டி, மூட்டுவலியால் உறக்கம் இழந்த முதியவர், மகனுக்கு வெளிநாட்டு வேலை கிட்ட வேண்டுமெனப் பதைக்கும் தந்தை எனப் பலரும் இந்நான்கினுள் அடங்குவர்.

இதற்கு மருந்து சாமாயிகம். இரு நாழிகை, அஃதாவது 48 நிமிடம், பஞ்ச மந்திரம் ஓதி அமர்ந்து, நிலையாமை முதலான பன்னிரு சிந்தனைகளுள் ஒன்றையேனும் எண்ணுதல் வேண்டும். அருகப் பெருமான் விருப்பு வெறுப்பற்றவர்; வேண்டியதைத் தருபவரும் அல்லர், வேண்டாததை விலக்குபவரும் அல்லர். அவர்தம் குணங்களை நினையுங்கால் அமைதியுறுவது நம் உள்ளமே.

ஆயினும், கலங்கிய ஒருவர் தாமாகவே அமர்ந்து சிந்திக்கும் நிலையில் இல்லாவிடின் என் செய்வது? துக்க வீட்டிற்குச் சென்று, "எல்லாம் முன்வினைப் பயன்" என்று கூறி எழுந்து வருகின்றோம். வினைக்கொள்கை உண்மையே. ஆனால் அது தன் துன்பத்தைத் தான் தாங்குதற்கு உரிய ஊன்றுகோல். பிறரை அடிக்கும் கோல் அன்று.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று அழிந்தாரை நிறுத்தல். சிரேணிக மன்னரின் மைந்தர் வாரிஷேணர் இதற்கு எடுத்துக்காட்டு. அவருடன் துறவு பூண்ட நண்பர், பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் தம் மனைவியின் நினைவு நீங்காது உள்ளே வருந்தினார். அதனை அறிந்த வாரிஷேணர் அவரைப் பழிக்கவில்லை, விலக்கவும் இல்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்த செல்வத்தையும் சுற்றத்தையும் கண்முன் காட்டினார். நண்பர் நாணித் தெளிந்தார். அறிவுரை சொல்வதோடு நில்லாமல், உடன் நடந்து சென்று நிறுத்தியதே அவர் செய்த அறம்.

நம் இல்லங்களிலும் இதுவே செய்யத்தக்கது. தேர்வில் தவறிய பிள்ளை பல நாள் பேசாதிருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். துயரால் உண்ண மறுப்பவரை, நோன்பு இருக்கின்றார் எனப் பாராட்டாதீர்கள். தெளிந்த மனத்தோடு ஏற்பதே நோன்பு. உறக்கமும் ஊணும் நீங்கிச் சோர்வு தொடருமாயின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது நம்பிக்கைக் குறைவு ஆகாது. நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானத்தையும் வைத்த நெறி நம் நெறி. அஞ்சினார்க்கு அஞ்சேல் என்னும் அபய தானமும் அவற்றுள் ஒன்று.

கலங்கியவர் தெளிந்தபின், அவரோடு சேர்ந்து சாமாயிகத்தில் அமர்வோம். அப்பொழுது பன்னிரு சிந்தனைகளும் அவர் உள்ளத்தில் தாமே வேரூன்றும்.

வாழ்க அருகன் அறம்.