பலன் இல்லாத நான்கு வருஷங்கள்

மெக்ஸிகோவின் காபோ புல்மோவில் மீனவக் குடும்பங்கள் இன்று முக்குளிக்க வருவோருக்கு மீன்களைக் காட்டிப் பிழைக்கின்றன. 1995-ல் அக்கடல் தேசியப் பூங்காவாயிற்று, மீன்பிடிப்பை விட்டார்கள். 2009-ல் அங்கிருந்த மீன்களின் மொத்த எடை, 1999-ல் இருந்ததைவிட ஐந்து மடங்குக்கு மேல். வங்கி குமாஸ்தாவான எனக்கு இக்கணக்கு உடனே பிடித்துப்போகிறது: முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது. அப்படியானால் இது அறமா, நல்ல முதலீடா?

1999-ல் அளந்தபோது, தடையில்லாத இடங்களைவிட அங்கே மீன் அதிகமில்லை. நான்கு வருஷ விரதத்துக்குக் காட்ட ஒன்றுமில்லை. என் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பலன் தெரியாதபோதும் வலையை எடுக்காத கை அறத்தினுடையது. பலன் வந்தபின் அதே கை வியாபாரியுடையது. அதில் எனக்கு வருத்தமில்லை. 2009-ன் கணக்கைக் காட்டி அவர்களைப் புகழும் நான், 1999-ல் வலையை எடுத்திருப்பேன் என்பதுதான் என் சங்கடம்.