அரைப்பேர்

ஆசிய மகளிர் உதைபந்தாட்டக் கிண்ணத்தின் வரலாறு 1975ஆம் ஆண்டில் ஹொங்கொங்கில் தொடங்குகிறது. நியூசிலாந்து, தாய்லாந்து, அவுஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர், ஹொங்கொங் ஆகிய ஆறு அணிகள் அங்கே கூடின. இறுதியாட்டத்தில் நியூசிலாந்து தாய்லாந்தை 3–1 என வென்றது. ஆசியாவின் முதற் கிண்ணத்தை ஆசியாவைச் சேராத நாடொன்று தூக்கிச் சென்றது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். அதைவிடக் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. அப்போட்டியை நடத்தியது ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் அன்று. ஆண்களுக்கான கிண்ணத்தை 1956 முதலே நடத்திவந்த அச்சம்மேளனம் பெண்களுக்கென ஒரு பந்தையேனும் உருட்டியிருக்கவில்லை. 1968இல் தனியே தோன்றிய ஆசிய மகளிர் உதைபந்தாட்டச் சம்மேளனம் என்னும் வேறோர் அமைப்பே அதனை நடத்தியது. பெரிய சம்மேளனம் அவ்வமைப்பைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது 1986இல்தான். சேர்த்துக்கொண்ட பின்னர், தான் நடத்தாத பழைய போட்டிகளின் வெற்றிகளையும் தன் வரலாறாகவே எழுதிக்கொண்டது.

அவ்வாறாயின், 1975க்கும் 1986க்கும் இடையில் அப்பெண்கள் ஆடியது யாது? ஏற்பு இல்லாத ஆட்டம் ஆட்டம் ஆகுமா? ஒரு செயலுக்கு மெய்ம்மையைத் தருவது செய்தவருடைய உழைப்பா, பதிவேட்டில் எழுதுபவருடைய பேனாவா? இது விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் உரிய வினா அன்று.

தெல்தோட்டையிலிருந்து இவ்வினாவைக் கேட்பதற்கு நமக்குத் தனிக் காரணம் உண்டு. இங்கிருந்து மேலேறினால் லூல்கந்துரைத் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் என்னும் துரை அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று எல்லாப் பாடநூல்களும் கூறும். பயிரிட்ட கைகள் எவருடையவை என்பதைக் கூறும் பாடநூலைத் தேடித்தான் காணவேண்டும். அன்று முதல் இம்மலைகளில் ஒரு சொல் வழங்குகிறது. ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்த பின்பே ஒருத்திக்குப் பேர் போடுவார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். பொழுது முழுவதும் மழையில் நனைந்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்து மலையில் நின்றிருப்பாள். பழைய மலையாதலின் கொழுந்து இராது. ஏட்டில் அவள் அரை ஆளாகவே நிற்பாள். ஒரு மனித உயிர் ஒருநாளில் பாதி மட்டும் இருந்திருக்க முடியும் என்ற இந்த விந்தையான தத்துவத்தை எந்தப் பல்கலைக்கழகமும் போதிக்கவில்லை. செக்ரோல் போதித்தது. முழுப்பேர் பெற்றவளுக்குங்கூட, ஆணுக்குரிய நாட்கூலி 1984 வரை கிடைக்கவில்லை. கிடைத்த கூலியைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கிச் செல்வதும் வழக்கமாயிருந்தது.

இந்த அரைப்பேரை மனத்திற் கொண்டு மகளிர் உதைபந்தாட்டத்தின் வரலாற்றை நோக்கினால் அதன் ஏடுகள் நமக்கு நன்கு பழக்கமானவையாகத் தெரிகின்றன.

இங்கிலாந்தின் பிரெஸ்ரன் நகரில் டிக் கேர் தொழிற்சாலையின் வெடிமருந்துத் தொழிலாளப் பெண்கள் 1917இல் ஓர் அணி திரட்டினர். உணவு இடைவேளையில் ஆலை முற்றத்தில் ஆண் தொழிலாளருடன் பந்துதைத்துப் பழகியவர்கள் அவர்கள். 1920ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், லிவர்பூலில் அவர்களுடைய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். 1921இல் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பெண்கள் அணிகள் ஆடி நிதி சேர்த்தன. அதே ஆண்டு டிசெம்பரில், இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்குத் தரலாகாது என ஆங்கிலேய உதைபந்தாட்டச் சங்கம் விதித்தது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நின்றது. தடை போட்டவர்கள் பெண்ணின் உடல்நலத்தைக் காரணம் காட்டினர். வெடிமருந்து நிரப்பியபோது அவ்வுடல்நலம் அவர்கள் நினைவுக்கு வரவில்லை போலும்!

அப்பெண்கள் தடைக்குப் பின்னரும் ஆடினர். திறந்த வெளிகளில் ஆடினர். அவ்வாட்டங்கள் மெய்யானவை. சங்கத்தின் ஏட்டில் இல்லாமையால் அவை நிகழாதவை ஆகிவிடவில்லை.

ஆசியாவிலும் இதற்கொப்பான காட்சி உண்டு. 1974இல் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் அரசியற் காரணங்களால் தாய்வானை வெளியேற்றியது. பெரியவர்களின் மண்டபத்தில் நாற்காலி மறுக்கப்பட்ட அந்நாட்டின் பெண்கள், மகளிர் சம்மேளனத்தின் கிண்ணத்தை 1977, 1979, 1981 என அடுத்தடுத்து மூன்றுமுறை வென்றனர். பழங்கதையில் வரும் மூலான் என்னும் வீராங்கனையின் பெயரே அவர்கள் அணிக்கு வழங்கியது. சீனாவா தாய்வானா என்ற வழக்கில் நம் வாசகர்களுக்குத் தத்தம் கருத்து இருக்கும். அவ்வழக்கை இங்கே தீர்க்க முற்படவில்லை. ஆளும் சபைகள் ஏற்பதும் மறுப்பதும் ஆட்டத்தின் தகுதியைப் பார்த்து அன்று என்பதற்கு இது சான்று. 1986இல் மக்கள் சீனம் முதன்முறை களமிறங்கி, ஜப்பானை 2–0 என வென்று, 1999 வரை அக்கிண்ணத்தை எவர்க்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சீனத்துப் பெண்களும் 1991இல் தம் மண்ணிலேயே நடந்த முதல் மகளிர் உலகக் கிண்ணத்தில் 80 நிமிடமே ஆட விடப்பட்டனர். ஆண்களுக்கு 90 நிமிடம். பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு பேர் போடும் வழக்கம் உலகச் சம்மேளனத்துக்கும் தெரிந்திருக்கிறது.

2022இல் இன்னும் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆசியக் கிண்ணம் இந்தியாவில் நடந்தது. ஜனவரி 20ஆம் நாள் நவி மும்பையில் இந்தியாவும் ஈரானும் மோதின. எவரும் கோல் போடவில்லை. ஈரானியப் பெண்களுக்கு அக்கிண்ணத்தில் அதுவே முதலாட்டம். அடுத்த ஆட்டத்துக்குமுன் இந்திய அணியில் பன்னிருவருக்குக் கொரோனா தொற்றியமையால் அணி களமிறங்க முடியவில்லை, விலகியதாகக் கொள்ளப்பட்டது. விதிப்படி, இந்தியா முன்னர் ஆடிய ஆட்டமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இருபத்திரண்டு பெண்கள் தொண்ணூறு நிமிடம் ஓடினர், விழுந்தனர், எழுந்தனர். கணக்கில் அது நிகழவேயில்லை. நோயைத் தடுக்கும் பொறுப்பு நடத்தியவர்களுக்கும் உண்டன்றோ? இழப்பு முழுவதும் ஆடியவர்களின் தலையில் விழுந்தது. கொழுந்து இல்லாத மலையில் நிரை கொடுத்துவிட்டு, நிறை குறைந்ததென்று அரைப்பேர் போடும் நியாயத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

எனினும், செயலே மெய், ஏடு பொய் என்று முழங்கிவிட்டு அமைதி காண்பது எளிது. அவ்வமைதி உழைப்பவர்க்குப் பயன்படாது. பேர் விழாதவளுக்கு அன்று அரிசி இல்லை. சம்மேளனத்தின் ஏற்பு இல்லாத அணிக்கு மைதானம் இல்லை, மருத்துவர் இல்லை, பயணச்செலவு இல்லை. கோழிக்கோட்டில் நடந்த 1979ஆம் ஆண்டுக்குரிய போட்டியில் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது; அவற்றுள் ஒன்று இறுதியாட்டம்வரை சென்று தாய்வானிடம் 2–0 எனத் தோற்றது. 1983இல் பாங்கொக்கில் மீண்டும் இறுதியாட்டத்தை எட்டியது. இத்தகைய அணி பின்னர்ப் பல்லாண்டு பின்தங்கிப் போனமைக்குத் திறமைக் குறைவு காரணமன்று. பெண்கள் விளையாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட தலைமை, எடுத்தபின் கைவிட்டதே காரணம் என்பது நம் கருத்து. ஆகவே நாம் கேட்கவேண்டியது ஏட்டைக் கிழிப்பதை அன்று. ஏடு எவர் கையில் இருக்கிறது என்பதை. ஏற்பை ஒரு கொடையாகக் கருதி நன்றி கூறும் மனநிலை இருக்கும்வரை, கொடுத்தவன் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறுவான்.

இனி, இன்னொரு ஏடு உண்டு. அதன் பெயர் தேசம். 'தேசிய அணி' என்று கூறும்போது, ஆடுபவளுக்கு ஒரு தேசம் உண்டென்று முன்கூட்டியே கருதிக்கொள்கிறோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மலையக மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்க்கலாம் என ஒதுக்கப்பட்டு, 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஹொங்கொங்கில் அந்த முதற் கிண்ணம் தூக்கப்பட்ட 1975ஐ நினைத்துப் பாருங்கள். பஞ்சம் இத்தோட்டங்களை வாட்டிய காலம் அது. கம்பெனித் தோட்டங்களை அரசு கையேற்றதும் அவ்வாண்டே. குடும்பங்கள் தகரப்பெட்டியுடன் தலைமன்னாருக்கு ரயிலேறிக்கொண்டிருந்தன. தெல்தோட்டையின் ஒரு லயத்தில் கால்வலிமையும் கண்கூர்மையும் மிக்க ஒரு சிறுமி அன்று இருந்திருப்பாளாயின், அவள் எந்தத் தேசிய அணிக்கு ஆடுவாள்? பிறந்த நாடு அவளை எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்ட நாட்டை அவள் கண்டதில்லை. அவ்வாறு கப்பலேறியவர்களிற் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலேயே மீண்டும் கூடை சுமந்தனர். கூடலூரிலிருந்து மலையிறங்கினால் கோழிக்கோடு தொலைவில் இல்லை. அங்கே ஆசியாவின் பெண்கள் பந்துதைத்தபோது, இங்கிருந்து சென்றவர்கள் அம்மலைகளில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தனர்.

இது பழங்கதை என்று கூறுவோர் ஆப்கானியப் பெண்களைப் பார்க்கட்டும். 2021 ஆகஸ்டில் தம் நாட்டை விட்டோடிய அந்த அணியினர் பலர் அவுஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுடைய நாட்டுச் சங்கம் அவர்களைத் தன் அணியென அனுப்பாது. ஆதலால் ஆசியக் கிண்ணத்தின் தகுதிச்சுற்றில் அவர்களுக்கு இடமில்லை. 2025இல் உலகச் சம்மேளனம் அவர்களுக்கு அகதிகள் அணி என்ற பெயரில் ஆட இடமளித்தது. அதுவும் ஒரு பேர்தான், பாதிப்பேர்.

நம் மாணவத் தோழர்களிற் சிலர் வேறொரு தடை எழுப்பக்கூடும். கூலியும் வீடும் காணியும் இல்லாத மக்களுக்கு உதைபந்து ஒரு கேடா என்பர். இவ்வாதத்தில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ஆயினும் இது முதலாளியின் வாதத்தோடு கைகோத்து நிற்பதைக் காணவேண்டும். உழைப்பாளிக்கு உணவும் உறக்கமும் போதும், எஞ்சிய நேரம் வேலைக்கு உரியது என்பதே துரையின் கணக்கு. எட்டு மணிநேர வேலைக்காக உயிர்விட்ட தொழிலாளர்கள் எட்டு மணிநேர உறக்கத்தோடு, தமக்கே உரிய எட்டு மணிநேரத்தையும் கேட்டனர். அந்த மூன்றாம் பங்கில்தான் பாட்டு பிறக்கிறது, படிப்பு பிறக்கிறது, பந்தும் உருள்கிறது. பிரெஸ்ரன் பெண்களுக்கு ஓர் உணவு இடைவேளையும், சம்பளம் தம் கையிலேயே விழும் நிலையும் இருந்தன. அவற்றின்மேல்தான் அந்த அணி எழுந்தது. நம் தோட்டங்களிலோ ஆண்பிள்ளைகள் பந்தாட ஒரு சமவெளித் துண்டு எங்கேனும் உண்டு. அதே மாலைப்பொழுதில் பெண்பிள்ளை பீலித் தண்ணீருக்கு நிற்கிறாள், தங்கையைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து தூக்கிவருகிறாள், அடுப்பு மூட்டுகிறாள். ஆடிய ஆட்டத்தை மறுக்கும் ஏடுகளைப் பற்றி இதுவரை பேசினோம். ஆடப்படாமலே போன ஆட்டத்துக்கு மறுப்புக்கூடத் தேவைப்படவில்லை.

இலங்கைப் பெண்கள் அணி ஆசியக் கிண்ணத்தின் இறுதிச்சுற்றை ஒருமுறையும் எட்டியதில்லை. ஆனால் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் வாகைசூடி, போர் தின்ற மண்ணிலும் அது இயலும் எனக் காட்டினர். தமிழகப் பெண்கள் 2018இல் மணிப்பூரை வென்று இந்தியத் தேசியக் கிண்ணத்தைப் பெற்றனர். கடலூர் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களின் ஏழைப் பெண்கள் அவ்வணியின் முதுகெலும்பாய் இருந்தனர். 2025இல் இந்தியா தாய்லாந்தை 2–1 என வென்று 2026ஆம் ஆண்டுக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது.

அதே தகுதிச்சுற்றில் வங்காளதேசமும் முதன்முறையாகத் தகுதிபெற்றது. ஆசிரியர்களான நம் வாசகர்கள் ஆராயவேண்டியது அந்நாட்டின் கதை. இந்திய எல்லையோரத்தில், மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்றொரு சிற்றூர். அங்குள்ள அரசினர் ஆரம்பப் பாடசாலையின் ஆசிரியர்கள், நாடளாவிய சிறுமியர் போட்டிக்கென ஏழை வீட்டுப் பெண்குழந்தைகளைத் திரட்டிப் பந்துதைக்கப் பழக்கினர். தேசிய அணிகளுக்கு அந்த ஒரே ஊரிலிருந்து ஒருவர்பின் ஒருவராகப் பெண்கள் சென்றனர். வங்காளதேச மகளிர் 2022இலும் 2024இலும் தெற்காசியக் கிண்ணத்தை வென்றனர். எந்தச் சம்மேளனத்தின் ஏற்பும் அங்கே முதலில் வரவில்லை. முதலில் வந்தவை ஆரம்பப் பாடசாலையின் முற்றமும், பெண்பிள்ளைக்கென ஒதுக்கிய ஒரு மணிநேரமும், வீடுவீடாகச் சென்று தாய்தந்தையரோடு வாதாடிய ஆசிரியர்களுமே.

தெல்தோட்டையைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளிலும் நேரசூசியில் உடற்கல்விப் பாடவேளை உண்டு. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுவே. வெட்டப்படாத வாரங்களில் பந்து ஆண்பிள்ளைகளிடம் போகிறது. பெண்பிள்ளைகள் வகுப்பறை கூட்டுகிறார்கள். அந்த நேரசூசியை எழுதுவது துரையும் அல்லர், சம்மேளனமும் அன்று, நாமே.