பின்மனைக்குப் போகும் வழி

பேத்தமங்களாவில் பாலாற்று நீரைத் தேக்கிய ஏரியிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் கொண்டுபோன குழாய், நடுவிலிருந்த நிலங்களை ஊடறுத்துக்கொண்டுதான் சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளை எட்டியிருக்க முடியும். ஆகையால் ஒருவருடைய ஜீவனத்துக்கு வேண்டிய வழி இன்னொருவருடைய பூமியின்மீது கிடப்பது புதிய சங்கதியன்று என்பதற்கு பேத்தமங்களா ஊரார் வெளியூரில் சாட்சி தேட வேண்டியதில்லை.

அவ்வூரில் ஒரு தகப்பனின் மனையை அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டு, தெருப்பக்கம் அண்ணனுக்கும் பின்பக்கம் தம்பிக்கும் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அவர்கள் இருக்கும்வரை வழி என்பது ஒரு பிரச்சினையே அல்ல. முன்மனை கைமாறி, பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை அப்பக்கம் வந்தபின் ஒவ்வோர் அடியையும் பணமாகப் பார்க்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான், ஒரு நாள் காலையில் அந்த மூன்றடிச் சந்தில் இரும்புக் கேட் முளைக்கிறது. காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தவன் வெளியே நின்று குரல் கொடுக்கிறான். பிரசவ வலி கண்ட பெண்ணை அழைத்துப்போக வந்த ஆட்டோ தெருவிலேயே காத்து நிற்க, சாவிக்காக ஆள் ஓடுகிறது.

கேட் போட்டவர் பக்கமும் நியாயம் உண்டு. கிரயம் கொடுத்து வாங்கிய மண்ணில் தம் விருப்பப்படி சுவர் எழுப்ப முடியாதென்றால் சொந்தம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்பது வீம்பு அல்ல. கால்நடையாகப் போகக் கிடைத்த சந்தில் செங்கல் லாரியை விடப் பார்க்கும் பின்மனைக்காரரும் உண்டு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அதற்கு இடங்கொடுப்பதில்லை; வழியுரிமை பெற்றவர் முன்மனைக்காரருக்கு இயன்றவரை குறைந்த தொந்தரவு தரும் விதத்தில் நடக்க வேண்டும், தம் இஷ்டத்துக்குச் சுமையைப் பெருக்கவும் கூடாது.

அதே சட்டம், பாகப்பிரிவினையால் வழியற்றுப்போன மனைக்கு அவசியத்தின் பேரில் வழி தருகிறது. ஆனால் அந்த அவசியத்தை மிகக் குறுகலாக அளக்கிறது. எவ்வளவு சுற்றானாலும் வேறொரு வழி இருந்துவிட்டால் அந்த உரிமை நில்லாது. மற்றொரு பிரிவு, 20 வருஷம் இடையூறின்றி, பகிரங்கமாக, உரிமை என்ற பாவனையில் நடந்தவருக்கு வழியைப் பாத்தியமாக்குகிறது. அனுமதி கேட்டு நடந்தவருக்கு அது கிட்டாது. தயவு காட்டினவர் அந்தத் தயவாலேயே சொத்தை இழந்துவிடக் கூடாதென்ற நல்ல நோக்கம் இதில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பின்வீட்டாரை வரவழைத்து, ‘உங்கள் தயவில் நடக்கிறோம்’ என்று சொல்லவைத்து, பாத்தியம் பிறக்காமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியத்துக்கும் அது துணைபோகிறது. சட்டத்தின் முன் அப்படிச் செய்பவர் குற்றவாளியல்லர். ஆயினும் ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நிற்கவைப்பதைத் தர்மம் என்று சொல்ல நாக்கு எழாது.

வழியை மறிப்பது எதுவரை போகும் என்பதற்கு அந்தப் பாலாறே சாட்சி. பேத்தமங்களாவைத் தாண்டி ஆந்திரத்தின் வழியே தமிழ்நாட்டில் புகும் அவ்வாற்றின் கரையில், வாணியம்பாடிக்கருகே நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில் தலித் மக்கள் தங்களில் இறந்த ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். மயானத்துக்குப் போகும் வழி பிற சாதியாரின் நிலத்தினூடே இருந்தது. அங்கே பாடை போகக் கூடாதென்று தடை. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நிலம் பட்டா நிலமாகவே இருந்திருக்கலாம், வேலியும் சொந்தச் செலவில் போட்டதாக இருக்கலாம். அவற்றால் அந்தக் கயிற்றுக்கு நியாயம் கிடைத்துவிடாது. முன்மனைக்காரருக்கு நஷ்டமாவது மூன்றடி மண். பின்னாலிருப்பவருக்கு அடைபடுவதோ மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் சுடுகாடும். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சமம் என்பவர், சொத்தின்மேல் கொண்ட மரியாதையால் மனிதனை மறந்தவர்.

சண்டையைத் தவிர்க்க வழியில்லாமல் இல்லை. அவசிய வழியை எந்தப் பக்கமாக விடுவதென்று குறித்துக் கொடுக்கும் சுதந்திரத்தைச் சட்டம் முதலில் நிலத்துக்குடையவருக்கே தருகிறது. அவர் மறுத்தாலோ அசட்டை செய்தாலோதான் மற்றவர் குறித்துக்கொள்ளலாம். பாகப் பத்திரத்தில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட’ என்ற வரி இருந்துவிட்டால், பின்னால் வேறு வழி பிறந்தாலும் எழுதிக்கொடுத்த பாத்தியம் அழிவதில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் தீர்த்திருக்கிறது. ஆகவே அந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட அண்ணனிடத்தில் குற்றம் உண்டு. எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டுப் பூட்டுப் போடுபவரிடத்தில் அதைவிட அதிகக் குற்றம் உண்டு. வழியைக் கழித்துக்கொண்டுதானே அவர் விலை பேசினார்.